1948-52 மலாயா செய்திகளில் ‘பேண்டிட்’ என்ற சொல்

ஈப்போ_ரவி:
சிங்கப்பூர் தேசிய நூலகத்தோட ஆன்லைன் பேப்பர் தொகுப்புல பழைய ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் எல்லாம் இருக்கு, எங்க பேராக் ஊர்ப் பேருங்கள போட்டு தேடிக்கிட்டு இருக்கேன். 1948 ஜூன்லேர்ந்து 1952 வரைக்கும் எதைத் தொறந்தாலும் ‘பேண்டிட்’ங்கற வார்த்தைதான் கண்ணுல அடிக்குது. பேண்டிட்னா கொள்ளைக்காரன், வழிப்பறிக்காரன். ஆனா காட்டுக்குள்ள இருந்தது மலாயா கம்யூனிஸ்ட் கட்சியோட ஆயுதப் படை, அதுக்கு பேரு இருக்கு, தலைவர் இருக்காரு, துண்டுப் பிரசுரம் இருக்கு, அரசியல் கோரிக்கை இருக்கு. அவங்கள ஆதரிக்கிறோமா எதிர்க்கிறோமாங்கறது வேற விஷயம், அதுக்குள்ள இப்ப நான் போகல. ஒரு நாட்டுல 12 வருஷம் நடந்த சண்டைய முதல் நாலு வருஷம் பூரா கொள்ளைக்கார சமாச்சாரமா எழுதியிருக்காங்களே, இது எப்படி நடந்துச்சு, யாரு முடிவு பண்ணது, பேப்பர்காரங்களே எழுதுனதா இல்ல மேலேர்ந்து வந்ததா, இதத்தான் பேசணும்.

தெரியாதவங்களுக்காக சுருக்கமா: 1948 ஜூன் 16 காலையில சுங்கை சிப்புட்ல எல்ஃபில் தோட்டத்துலயும் பக்கத்து தோட்டத்துலயும் மூணு வெள்ளைக்கார தொரைமாருங்க சுட்டுக் கொல்லப்பட்டாங்க. அன்னைக்கே பேராக், ஜொகூர்ல சில பகுதிகளுக்கு அவசரகாலம், ரெண்டு நாள்ல மலாயா முழுக்க. ஜூலையில கட்சிய தடை பண்ணாங்க. அவசரகாலம் முடிஞ்சது 1960 ஜூலை 31.

மலர்_கேஎல்:
நல்ல தலைப்பு அண்ணே. ‘அவசரகாலம்’ங்கற பேருலயே விஷயம் இருக்கு. போர்னு சொன்னா லண்டன்ல இருக்குற இன்சூரன்ஸ் கம்பெனிங்க தோட்டத்துக்கும் ஈயச் சுரங்கத்துக்கும் நஷ்டஈடு தராது, அதனாலதான் எமர்ஜென்சின்னு பேரு வெச்சாங்கன்னு எங்க வாத்தியார்லேர்ந்து எல்லாரும் சொல்லிக் கேட்டிருக்கோம். கட்சிக்காரங்க அதையே பிரிட்டிஷ் எதிர்ப்பு தேசிய விடுதலைப் போர்னு சொன்னாங்க. ஒரே சண்டை, ஒரு பக்கம் போர், இன்னொரு பக்கம் அவசரகாலம். அப்ப போர்னு ஒண்ணு இல்லன்னா எதிர்ல நிக்கறவன் சிப்பாயா இருக்க முடியாதுல்ல, வேற ஏதாவது ஒண்ணா இருக்கணும், அந்த இடத்துக்குதான் பேண்டிட் வந்து உக்காந்துச்சு.

சட்டப்பார்வை:
மலர் சொன்னதோட ஒண்ணு சேத்துக்கறேன். இன்சூரன்ஸ் கதைதான் எல்லார் வாயிலயும் இருக்கு, ஆனா சட்டம்தான் இதுல கனமான பகுதி. போர்னு ஒத்துக்கிட்டா பிடிபட்டவன் போர்க்கைதி. கொள்ளைக்காரன்னு சொன்னா அவன் சாதாரண குற்றவாளி, கோர்ட், ஜட்ஜ், தூக்கு. அவசரகால விதிகள்ல அனுமதியில்லாம துப்பாக்கி வெச்சிருந்தாலே மரண தண்டனை, யாரையும் சுட்டிருக்க வேண்டியதில்ல. அந்த 12 வருஷத்துல இருநூறு பேருக்கு மேல தூக்குல போட்டிருக்காங்க. பேப்பர்ல வந்த வார்த்தையும் கோர்ட்ல நடந்ததும் ஒண்ணுக்கு ஒண்ணு முட்டுக் கொடுத்து நின்னுச்சு. காலனி நாடுகள பாத்துக்கிட்ட லண்டன் காலனி அலுவலகம் ‘கிளர்ச்சிக்காரர்’ மாதிரியான வார்த்தைங்கள தவிர்க்கச் சொன்னதும் இதே காரணத்துக்குதான், அப்படி எழுதுனா மக்களோட எழுச்சின்னு அர்த்தம் வந்துடும்னு. அதனால ரவி கேட்டதுக்கு என் பதில், மேலேர்ந்து வந்ததுதான், ஆனா பேப்பர்காரங்க மறுக்காம வாங்கிக்கிட்டாங்க.

ஈப்போ_ரவி:
வாங்கிக்கிட்டதுக்கு ஒரு நடைமுறைக் காரணமும் இருக்குங்க. சண்டை நடந்தது காட்டுக்குள்ள, ரிப்போர்ட்டர் அங்க போக முடியாது, கோலாலம்பூர்ல அரசாங்கம் கொடுக்கற அன்றாட அறிக்கைதான் செய்தி. வரிசையா அம்பது செய்தி படிச்சீங்கன்னா அச்சு தெரிஞ்சிடும், முதல்ல எண்ணிக்கை, அடுத்து பேண்டிட், அடுத்து ஊர், அப்புறம் எத்தனை துப்பாக்கி எத்தனை தோட்டா கிடைச்சுது. தொரை செத்தா பேரு, வயசு, எந்த தோட்டம், பொண்டாட்டி பிள்ளைங்க எங்க இருக்காங்கன்னு எல்லாம் வரும். காட்டுல செத்தவனுக்கு பெரும்பாலும் பேரே கிடையாது, பெரிய ஆளா இருந்தாத்தான் பேரு. துப்பாக்கியோட ரகத்த எழுதியிருப்பாங்க, வெச்சிருந்தவன் பேர எழுதியிருக்க மாட்டாங்க.

யாழ்_பாரி:
வணக்கம் ரவி அண்ணை. என்ட அப்பப்பா பேராக்கில ஒரு தோட்டத்தில கிராணியா, கிளார்க் வேலையில, இருந்தவர், யாழ்ப்பாணத்தில இருந்து அந்தக் காலத்தில கனபேர் அப்பிடி மலாயாவுக்குப் போனவை, ரயில்வேயிலயும் தோட்டக் கந்தோரிலயும் வேலை. அவர் கதைக்கேக்க ஒருநாளும் பேண்டிட் எண்டு சொன்னதில்ல. ‘பிந்தாங் தீகா’ எண்டுதான் சொல்லுவார், மலாயில மூண்டு நட்சத்திரம். அவையின்ர தொப்பியில மூண்டு நட்சத்திரம் இருந்ததாம், மலாய், சீனர், இந்தியர் எண்டு மூண்டு இனத்துக்கு மூண்டு. ஜப்பான்காரன் காலத்திலயே அந்தப் பேர் வந்திட்டுது எண்டு சொல்லுவார். பேப்பர் ஒரு பேர் சொல்லுது, தோட்டத்தில வேற பேர் புழங்குது, பேப்பர் சொன்ன பேர் சனத்தின்ர வாயில ஏறவே இல்ல.

மலர்_கேஎல்:
பாரி சொன்ன ஜப்பான் காலம்தான் இந்தக் கதையோட முதுகெலும்பே. இதே ஆளுங்கதான் 1942-லேர்ந்து 45 வரைக்கும் மலாயா மக்கள் ஜப்பான் எதிர்ப்புப் படைன்னு காட்டுல இருந்து சண்டை போட்டவங்க, பிரிட்டிஷ்காரன் ஃபோர்ஸ் 136ங்கற தன்னோட ரகசியப் படை வழியா ஆயுதம் இறக்கி கொடுத்தான், ஆளையும் அனுப்பி வெச்சான். அப்ப இவங்க கெரில்லா. போர் முடிஞ்சு 1945 டிசம்பர்ல படைய கலைச்சப்ப ஆளுக்கு 350 டாலர் கொடுத்து ஆயுதத்த வாங்கிக்கிட்டாங்க. 1946 ஜனவரியில சிங்கப்பூர்ல மவுண்ட்பேட்டன் பிரபுவே தலைவருங்களுக்கு மெடல் குத்திவிட்டாரு. அப்புறம் கட்சிக்கே தலைவரான சின் பெங்குக்கு பிரிட்டிஷ் அரசாங்கம் ஓபிஇ விருது கொடுத்துச்சு, அப்புறம் பிடுங்கிக்கிச்சு. மெடல் குத்தி மூணு வருஷம் கூட ஆகல, அதே ஆளு பேப்பர்ல பேண்டிட். ஜப்பான்காரனும் இவங்கள கொள்ளைக்காரன்னுதான் சொன்னான்ங்கறத நெனச்சுப் பாருங்க, அந்த வார்த்தைய பிரிட்டிஷ்காரன் எடுத்து தன் வாயில போட்டுக்கிட்டான்.

தஞ்சை_இளங்கோ:
தோழர்களே, எங்க ஊர்ப்பக்கத்து ஆள் ஒருத்தர் இந்தக் கதையில இருக்கார், அவரப் பத்தி சொல்லாம இந்த இழை முழுமையாகாது. தம்பிக்கோட்டை எஸ்.ஏ. கணபதி. தஞ்சாவூர் ஜில்லாவுல பொறந்து சின்ன வயசுலயே மலாயா போனவர், நேதாஜியோட ஐஎன்ஏ படையில இருந்தவர், அகில மலாயா தொழிற்சங்க சம்மேளனத்துக்கு தலைவரா இருந்தவர். 1948 ஜூன்லயே அந்த சம்மேளனத்த சட்டவிரோதமாக்கிட்டாங்க. 1949-ல ரவாங் பக்கம் பிடிச்சாங்க, துப்பாக்கியும் தோட்டாவும் வெச்சிருந்தாருன்னு வழக்கு, போலீஸ்ல ஒப்படைக்கத்தான் எடுத்துட்டுப் போனேன்னு அவர் சொன்னார், ஏத்துக்கல. இந்திய அரசாங்கம் பிரிட்டன்கிட்ட கேட்டுப் பாத்துச்சு, அதுவும் நடக்கல. 1949 மே 4 கோலாலம்பூர் புடு ஜெயில்ல தூக்கு. அதுக்கு முதல் நாள்தான் இன்னொரு தமிழ் தொழிற்சங்கத் தலைவர் வீரசேனன் பாதுகாப்புப் படை சுட்டு செத்துப் போயிருந்தார். ரெண்டு நாள்ல ரெண்டு பேர். சம்பள உயர்வு கேட்டு தோட்டத்துல வேலை நிறுத்தம் நடத்துன ஆளுங்க இவங்க. நாட்டுல தினமும் பேண்டிட் பேண்டிட்னு படிச்சுப் பழகுன வாசகனுக்கு தொழிற்சங்கத்துக்காரனுக்கும் கொள்ளைக்காரனுக்கும் இருக்குற கோடு அழிஞ்சு போச்சுன்னு நான் நெனைக்கிறேன், அது தற்செயலா அழிஞ்ச மாதிரி எனக்குத் தெரியல.

சட்டப்பார்வை:
இளங்கோ தோழர் சொன்னதுக்கு பக்கத்துலயே வெச்சுப் பாக்க வேண்டிய இன்னொரு வழக்கு இருக்கு. சாம்பசிவம்னு இன்னொரு தமிழர், ஜொகூர்ல 1948-ல பிடிபட்டவர், இவர் மேலயும் துப்பாக்கி கேஸ்தான், மரண தண்டனையும் விதிச்சாச்சு. ஆனா அப்ப காலனிகளுக்கு கடைசி அப்பீல் கோர்ட்டா இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் அப்பீல் போய் 1950-ல தீர்ப்ப ரத்து பண்ணிட்டாங்க. தோட்டா வெச்சிருந்த குற்றச்சாட்டுல ஏற்கனவே விடுதலையான ஆளை அதே சம்பவத்துக்கு மறுபடி விசாரிக்கறப்ப அந்த விடுதலைய மதிக்காம விட்டது தப்புன்னு சொன்னாங்க. இன்னைக்கும் காமன்வெல்த் நாடுகள்ல சட்டம் படிக்கிறவங்க அந்த தீர்ப்ப படிக்கிறாங்க. ஒரே சட்டம், ஒருத்தர் செத்தார் ஒருத்தர் பிழைச்சார்.

பினாங்கு_செல்வம்:
எல்லாம் சரி, ஆனா இங்க ஒரு பக்கம் மட்டும் பேசிட்டு இருக்கீங்க, அத நான் சொல்லியே ஆகணும். கட்சிக்காரங்களும் வார்த்தைய வெச்சுத்தான் கொன்னாங்க. அவங்க அகராதியில போலீசுக்கு துப்பு சொன்னவன், குத்தகைக்காரன், சந்தா கொடுக்க மறுத்தவன், தோட்டத்துக்கு விசுவாசமா இருந்த கங்காணி எல்லாரும் ‘ஓடும் நாய்’, அதாவது கைக்கூலி. அந்தப் பேரு வெச்சாச்சுன்னா முடிஞ்சுது. அவசரகாலம் முடிஞ்சப்ப அரசாங்கக் கணக்குல 2,478 பொதுமக்கள் செத்திருக்காங்க, 810 பேர் காணாமப் போயிருக்காங்க, செத்தவங்கள்ல பெரும்பாலும் சீனர்கள்தான், கட்சிக்காரங்க யாருக்காக சண்டை போடறோம்னு சொன்னாங்களோ அதே ஆளுங்க. எங்க தாத்தா வேலை செஞ்ச தோட்டத்துல ஒரு கங்காணிய ராத்திரி லயத்துலேர்ந்து கூட்டிட்டுப் போனாங்க, காலையில பால்மரத்துல கட்டி வெச்சிருந்தாங்க. அந்த குடும்பத்துகிட்ட போய் பேண்டிட்ங்கற வார்த்தை தப்புன்னு யாராலயும் சொல்ல முடியாது, அவங்களுக்கு அது சரியான வார்த்தைதான்.

ஈப்போ_ரவி:
செல்வம் அண்ணே நீங்க சொன்னது நிக்கணும், இந்த இழையில அது இருந்தே ஆகணும். அந்த கங்காணியோட வீட்ல என்ன பேரு சொன்னாலும் அது அவங்க உரிமை. நான் கேக்கறது பேப்பர பத்தி. ராத்திரி கங்காணிய இழுத்துட்டுப் போனவனும் பேண்டிட், காட்டோரம் காய்கறி போட்டு வாழ்ந்த ஆளும் சுட்ட பிறகு பேண்டிட், ரெண்டுக்கும் ஒரே வார்த்தைன்னா படிக்கறவனுக்கு வித்தியாசம் எப்படித் தெரியும். இதுக்கு பாத்தாங் காலிய விட பெரிய சாட்சி வேண்டாம்.

1948 டிசம்பர் 11, 12. சிலாங்கூர்ல பாத்தாங் காலி பக்கம் சுங்கை ரெமோக் ரப்பர் தோட்டம், ரப்பர் மரத்த கீறி பால் எடுக்கற சீனத் தொழிலாளிங்க கொங்சி வீட்ல, அதாவது ஒண்ணா தங்கற வீட்ல, இருந்தாங்க. பிரிட்டிஷ் ராணுவத்தோட ஸ்காட்ஸ் கார்ட்ஸ் படைப்பிரிவு ஒண்ணு அங்க வந்துச்சு. பொம்பளைங்களையும் பிள்ளைங்களையும் தனியா பிரிச்சு லாரியில ஏத்தி அனுப்பிட்டாங்க, ஆம்பளைங்கள சின்னச் சின்ன கூட்டமா வெளிய கூட்டிட்டுப் போய் சுட்டாங்க, முதல் நாள் செத்த இளைஞனோட சேத்து 24 பேர். வீடுங்கள கொளுத்திட்டாங்க. ஒருத்தர் மட்டும் மயக்கம் போட்டு விழுந்ததால தப்பிச்சார். யார்கிட்டயும் ஆயுதம் கிடையாது. ரெண்டு நாள்ல பேப்பர்ல வந்தது என்னன்னா பேண்டிட்டுங்க சுட்டுக் கொல்லப்பட்டாங்க, அவசரகாலம் ஆரம்பிச்சதுலேர்ந்து படைக்கு கிடைச்ச பெரிய வெற்றி. அப்புறம் தப்பி ஓடப் பாத்தாங்கன்னு விளக்கம். 1949 ஜனவரியில விதிய மாத்தி, தப்பி ஓடறவங்கள சுடலாம்னு 27ஏன்னு ஒண்ண சேத்தாங்க, அதுவும் ஏற்கனவே நடந்ததுக்கும் பொருந்தற மாதிரி.

அந்த தோட்டத்துல அன்னைக்கு காலையில பால் பிடிக்கற மங்கு கழுவி வெச்சவன், வெட்டுக் கத்தி தீட்டுனவன், ஒரே வார்த்தையில எல்லாம் போச்சு.

மலர்_கேஎல்:
இதுக்கு அப்புறம் நடந்ததையும் சொல்லிடறேன். 1970-ல அந்த படையில இருந்த சில சிப்பாய்ங்களே பிரிட்டன்ல ‘தி பீப்பிள்’ பத்திரிகைக்கு உண்மைய சொல்லி சத்தியக் கடிதம் கொடுத்தாங்க, செத்தவங்க தப்பி ஓடவே இல்லன்னு. விசாரணை ஆரம்பிச்சு ஆட்சி மாறுனதும் நின்னுபோச்சு. குடும்பத்துக்காரங்க விடாம லண்டன் கோர்ட் கோர்ட்டா ஏறுனாங்க, 2015 நவம்பர்ல உச்ச நீதிமன்றம் நாலுக்கு ஒண்ணுன்னு அப்பீல தள்ளுபடி பண்ணுச்சு, ரொம்ப காலம் ஆயிடுச்சுன்னு காரணம். நீதிபதி லேடி ஹேல் மட்டும் மாறுபட்ட தீர்ப்பு எழுதுனாங்க. அந்த வீட்டுப் பொம்பளைங்க கேட்டது காசு மட்டும் இல்ல, எங்க வீட்டு ஆம்பளை பேண்டிட் இல்லன்னு எழுதிக் கொடுங்கன்னுதான் கேட்டாங்க, அதுக்குத்தான் அறுபது வருஷத்துக்கு மேல அலைஞ்சாங்க.

யாழ்_பாரி:
பேண்டிட் எண்ட சொல்லை எப்ப விட்டவை? நான் 1953 பேப்பர் பாத்தனான், அதில ‘டெரரிஸ்ட்’ எண்டுதான் கிடக்கு.

சட்டப்பார்வை:
1952-ல. பிரிட்டிஷ் ஹை கமிஷனரா டெம்ப்ளர் பிப்ரவரியில வந்தார், அந்த பதவியில முன்னாடி இருந்த கர்னிய 1951 அக்டோபர் 6 ஃப்ரேசர்ஸ் ஹில் போற ரோட்டுல பதுங்கியிருந்து கொன்னுட்டாங்க. 1952 மே மாசம் உத்தரவு வந்துச்சு, இனிமே பேண்டிட் கிடையாது, ‘கம்யூனிஸ்ட் டெரரிஸ்ட்’, சுருக்கமா சிடி. டெரரிஸ்ட்ங்கற வார்த்தை அதுக்கு முன்னாடியும் செய்தியில ஓடிட்டு இருந்துச்சு, ஆனா எல்லாரும் இதையே எழுதணும்னு ஆனது அப்பதான். காரணம் ரெண்டு மூணு சொல்றாங்க. சீனாவுல கோமிந்தாங் அரசாங்கம் மாவோ படைய வருஷக்கணக்கா கொள்ளைக்காரன்னுதான் திட்டிக்கிட்டு இருந்துச்சு, 1949-ல அந்த கொள்ளைக்காரன் பீக்கிங்கையே பிடிச்சுட்டான். ஜப்பான்காரன் அப்படி சொன்னான், அவனும் தோத்தான். அதனால சீனக் காதுக்கு அந்த சொல்லு கேட்டா தோக்கப் போற அரசாங்கம் பேசற பாஷை மாதிரி இருந்துச்சு. இன்னொண்ணு, கொள்ளைக்காரன்னா உள்ளூர் சமாச்சாரம், அதுக்கு எதுக்கு இத்தனை பட்டாளம்னு லண்டன்ல கேள்வி வரும். கம்யூனிஸ்ட்னு சேத்தா கொரியாவுல நடக்கற சண்டையோட இதுவும் ஒண்ணாயிடும்.

தஞ்சை_இளங்கோ:
அதே 1952 ஏப்ரல் கடைசியில லண்டன் ‘டெய்லி ஒர்க்கர்’ பத்திரிகை ஒரு போட்டோ போட்டுச்சு, பிரிட்டிஷ் மரீன் சிப்பாய் வெட்டுன தலைய கையில பிடிச்சுட்டு நிக்கறான். முதல்ல போலின்னாங்க, அப்புறம் உண்மைதான்னு ஒத்துக்கிட்டாங்க, அடையாளம் காணத்தான் தலைய எடுத்துட்டு வந்தாங்களாம். மனுஷனா பாக்காததாலதான் ஒருத்தனால அப்படி நிக்க முடிஞ்சுது. நாலு வருஷம் ஒவ்வொரு நாளும் பேப்பரும் அறிக்கையும் பெரிய அதிகாரியும் அதைத்தான் சொல்லிக் கொடுத்திருக்காங்க.

பினாங்கு_செல்வம்:
இளங்கோ தம்பி, போட்டோ விஷயத்துல உங்களோட நான் ஒத்துப்போறேன், அதுக்கு யாரும் சமாதானம் சொல்ல முடியாது. ஆனா சனங்க வாழ்க்கையில பேண்டிட்ங்கறது இங்கிலீஷ் பேப்பர்லேர்ந்து வரல, வேலி கேட்ல நடந்த சோதனையிலேர்ந்துதான் வந்துச்சு. ஜெனரல் பிரிக்ஸ் போட்ட திட்டம் வந்தப்புறம் அஞ்சு லட்சம் சீனர்கள முள்வேலி போட்ட புதுக்கிராமத்துல கொண்டு போய் வெச்சாங்க, தோட்டத்து லயங்களையும் ஒண்ணா சேத்து வேலி போட்டாங்க. பெரட்டுக்கு, காலையில பேர் கூப்புடற இடத்துக்கு, போற முன்னாடி கேட்ல சோதனை, ரப்பர் மரத்துல பால் எடுக்கப் போறவங்க சோறு கட்டிட்டுப் போகக்கூடாது. கடையில டின் வாங்குனா அங்கயே ஓட்டை போட்டுத்தான் கொடுப்பாங்க, காட்டுக்குப் போனா கெட்டுப்போகணும்னு. எங்க பாட்டி வெறும் வயித்தோட காலையில போய் மத்தியானம் திரும்பி வந்துதான் பசியாறுவாங்க, கேட்டா ‘காட்டுல இருக்கறவனுக்கு சோறு போகக்கூடாதாம்’ னுதான் சொல்வாங்க. காட்டுல இருக்கறவன், அவ்ளோதான் பேரு. திட்டவும் இல்ல தூக்கி வெக்கவும் இல்ல.

மலர்_கேஎல்:
செல்வம் அண்ணே இது எங்க அப்பாயி சொன்னது மாதிரியே இருக்கு, அவங்களும் ‘உள்ள இருக்கறவங்க’ னுதான் சொல்வாங்க.

இன்னொரு வார்த்தையையும் தொடணும், ‘சரண்’. 1955 டிசம்பர் 28, 29 பாலிங்ல அப்ப மலாயா முதலமைச்சரா இருந்த துங்கு அப்துல் ரஹ்மானும் சின் பெங்கும் நேர்ல உக்காந்து பேசுனாங்க, சிங்கப்பூர் முதலமைச்சர் டேவிட் மார்ஷலும் மலாயா சீனர் சங்கத் தலைவர் டான் செங் லாக்கும் கூட இருந்தாங்க. கட்சிய அங்கீகரிக்கணும்னு சின் பெங் தரப்பு, அது முடியாது சரணடையணும்னு துங்கு தரப்பு. சின் பெங் அந்த வார்த்தைய ஏத்துக்கவே மாட்டேன்னுட்டார். பேச்சு முறிஞ்சு அவர் காட்டுக்கே திரும்பிட்டார். 1989 டிசம்பர் 2 தாய்லாந்து ஹாட்யாய்ல ஒப்பந்தம் கையெழுத்தானப்ப அதுல சரண்ங்கற சொல்லே கிடையாது, பகைமைய முடிச்சுக்கறோம், ஆயுதத்த அழிச்சுடறோம்னுதான் இருக்கு. 34 வருஷம் அந்த ஒரு சொல்லுல நின்னாங்க. சின் பெங் ஊருக்குத் திரும்பணும்னு மலேசியா கோர்ட்ல கேட்டுப் பாத்தார், விடல, 2013 செப்டம்பர்ல பாங்காக்ல செத்தார்.

யாழ்_பாரி:
நல்ல தகவல்கள், எல்லாருக்கும் நன்றி. அப்பப்பா இருந்த தோட்டத்தைப் பற்றின செய்தி பேப்பரில இருக்குமோ எண்டு பாக்க விருப்பம். எப்பிடித் தேடுறது அண்ணை?

ஈப்போ_ரவி:
சுலபம்தான் பாரி. தோட்டத்தோட இங்கிலீஷ் பேரு கூட ‘பேண்டிட்’ சேத்து தேடுங்க, வருஷம் 1948-லேர்ந்து 1952 மே வரைக்கும் போட்டுக்கோங்க. அதுக்கப்புறம் உள்ள வருஷத்துக்கு ‘டெரரிஸ்ட்’, அப்புறம் ‘சிடி’ன்னு தனித்தனியா தேடணும், இல்லன்னா பாதி செய்தி மாட்டாது. தோட்டத்துப் பேரு அப்ப வெள்ளைக்கார கம்பெனி வெச்ச பேரா இருக்கும், நம்மாளுங்க கூப்புட்ட பேரு பேப்பர்ல வராது, ரெண்டும் தெரிஞ்சா எனக்கு அனுப்புங்க, பேராக் தோட்டங்க பட்டியல் என்கிட்ட இருக்கு, சேந்து பாப்போம். சுங்கை சிப்புட், தஞ்சோங் ரம்புத்தான் பக்கம்னா முதல்ல அந்த ஊர்ப் பேரப் போட்டுப் பாருங்க, தோட்டப் பேரு இல்லாமலும் நெறைய செய்தி வந்திருக்கு.